தம்பியின் முழுக்கைச் சட்டை: அடி வாங்கியது ஆண் என்றால் ஏன் சிரிக்கிறோம்?

காவேரிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

மூன்று வாரமாக மனசுக்குள்ளேயே போட்டு உருட்டிக்கொண்டிருக்கும் விஷயம். வீட்டில் பேசினால் சண்டையில் முடிகிறது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் தம்பி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். கல்யாணமாகி ஐந்து வருஷம், மூன்று வயதில் பெண் குழந்தை. சித்திரைத் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தவன் அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டையை மடித்துக்கூட விடவில்லை. குளித்துவிட்டுத் துண்டைப் போர்த்திக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தான். ரசத்துக்குக் கை நீட்டும்போது துண்டு நழுவியது. முழங்கைக்கு மேலே, பின்பக்கம், இஸ்திரிப் பெட்டியின் முனை அப்படியே பதிந்திருந்தது. ஓரம் கறுத்து, நடுவில் தோல் உரிந்து இளஞ்சிவப்பாக. "துணி தேய்க்கும்போது பட்டுடுச்சுக்கா" என்றான். தானே தேய்க்கிறவனுக்கு அந்த இடத்தில் எப்படிப் படும்?

ராத்திரி மொட்டை மாடியில் சொன்னான். இரண்டு வருஷமாக மனைவி அடிக்கிறாளாம். முதலில் அறை, அப்புறம் கையில் கிடைத்தது எல்லாம். ஏ.டி.எம். கார்டு அவளிடம். எங்களோடு போனில் பேசினால் பக்கத்தில் நின்று கேட்பாள். அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு அவளுக்குத் தெரியாமல் 5,000 ரூபாய் அனுப்பியதற்குத்தான் இஸ்திரிப் பெட்டி. "திருப்பி அடிச்சா ஜெயிலு, அடிக்காம இருந்தா ஆம்பளை இல்ல. நான் என்னக்கா பண்ணட்டும்?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை.

மறுநாள் அவன் சம்மதத்தோடு வீட்டுப் பெரியவர்களிடம் சொன்னேன். மாமா சிரித்தார். நிஜமாகவே சிரித்தார். "பொண்டாட்டிகிட்ட அடி வாங்கினேன்னு வெளியில சொல்லிக்கிட்டுத் திரியாதடா, மானம் போயிடும்." பெரியப்பா, "முதல் நாளே நாலு வெச்சிருந்தா இப்படி ஆகியிருக்குமா?" என்றார்.

1998இல் எனக்குப் பத்து வயது. இதே கூடத்தில் என் அத்தை வீங்கிய கன்னத்தோடு, முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கும் இதே மாமா, இதே பெரியப்பா. "புருஷன்னா கோபம் வரத்தான் செய்யும். வெளியில சொல்லாதே, மானம் போயிடும்" என்று சொல்லி மூன்றாம் நாள் பஸ் ஏற்றிவிட்டார்கள்.

அத்தைக்கு அறிவுரை, தம்பிக்குச் சிரிப்பு. ஆனால் இருவருக்கும் சொன்ன கடைசி வார்த்தை ஒன்றுதான். அது என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. உங்கள் வீடுகளிலும் இப்படி உண்டா?


வடக்குத்தெரு

முதலில் காயத்தை டாக்டரிடம் காட்டினீர்களா? அதைச் செய்யுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.


மல்லிகைப்பந்தல்

தோழி, உங்கள் தம்பிக்கு நடந்தது கொடுமை, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் இந்த மாதிரிப் பேச்சு தொடங்கினால் நாலாவது பதிவிலேயே "பெண்கள்தான் இப்போது ஆண்களைக் கொடுமை செய்கிறார்கள்" என்று வந்து நிற்கும். அதற்கு முன் சில எண்களைச் சொல்லிவிடுகிறேன்.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானதாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்திய சராசரி 29.3. படிப்பிலும் வேலையிலும் முன்னால் நிற்கிறோம் என்று பெருமைப்படுகிற மாநிலம் இதில் தேசிய சராசரிக்கு மேலே நிற்கிறது. அடிபட்ட பெண்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்கள் நாடு முழுக்க 14 சதவீதம்தான். கணவன் தன்னை அடிக்காதபோது தான் முதலில் கை ஓங்கியதாகச் சொன்ன பெண்கள் சுமார் 4 சதவீதம்.

அப்படி அடிவாங்கிய ஆண்களின் வலி வலியில்லை என்று சொல்லவில்லை. இரண்டையும் ஒரே தராசில் வைத்துச் சமம் என்று சொல்லிவிடாதீர்கள் என்றுதான் கேட்கிறேன். "முள்ளு மேல சேலை விழுந்தாலும், சேலை மேல முள்ளு விழுந்தாலும் கிழிவது சேலைதான்" என்று சொல்லிச் சொல்லியே நம்மை வளர்த்தார்கள்.


காவேரிக்கரை

சமம் என்று நான் சொல்லவில்லை, மல்லிகை. என் அத்தையைப் பார்த்து வளர்ந்தவள், எப்படிச் சொல்வேன்? ஆனால் ஒன்று. அந்த ஆய்வில் வீட்டு வன்முறைக் கேள்விகளைப் பெண்களிடம் மட்டும்தான் கேட்கிறார்கள். என் தம்பி வீட்டுக் கதவை ஆய்வாளர் தட்டியிருந்தாலும் அவனிடம் இதைக் கேட்டிருக்க மாட்டார். கேட்டிருந்தால் அவனும் "துணி தேய்க்கும்போது பட்டுடுச்சு" என்றுதான் சொல்லியிருப்பான், அது வேறு.


ஊர்க்குருவி

உண்மையைப் பேச யாருக்கும் தைரியம் இல்லை. 2022இல் நாட்டில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,70,924 பேர். அதில் ஆண்கள் 1,22,724. காரணங்களில் முதலிடம் குடும்பப் பிரச்சினை, 31.7 சதவீதம். அரசாங்கமே வெளியிட்ட கணக்கு. 2024 டிசம்பரில் பெங்களூரில் ஒரு பொறியாளர் ஒரு மணி நேரத்துக்கும் மேல் வீடியோ பதிவு செய்து வைத்துவிட்டு இறந்தபோதுதான் ஒரு வாரம் பேசினோம், அப்புறம் மறந்துவிட்டோம். மனைவியைக் கணவனும் அவன் வீட்டாரும் கொடுமைப்படுத்தினால் போடும் 498ஏ என்ற ஒரு பிரிவை வைத்துக்கொண்டு குடும்பத்தையே உள்ளே தள்ளலாம். ஆணுக்கு எந்தச் சட்டம் இருக்கிறது, சொல்லுங்கள்?


கோர்ட்டுக்குப்_போகிறவள்

பதினாறு வருஷமாக குடும்ப நீதிமன்ற வழக்குகள் நடத்துகிறேன். ஊர்க்குருவி சார், உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் எண்ணை வைத்து அது சொல்லாததைச் சொல்ல வைக்கக்கூடாது. அந்த 31.7 சதவீதம் ஆண், பெண் இருவரையும் சேர்த்தது. "குடும்பப் பிரச்சினை" என்ற தலைப்புக்குள் வீட்டுக்குள் நடக்கும் பலதும் வரலாம்; திருமணப் பிரச்சினைக்கு அதே கணக்கில் தனித் தலைப்பே உண்டு. அதில் மனைவியின் கொடுமை எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் கணக்கு அதில் இல்லை.

சட்டத்துக்கு வருகிறேன். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், காவேரிக்கரைக்கும் பயன்படும்.

498ஏ வந்தது 1983இல். வரதட்சணைக்காகப் பெண்கள் எரிந்துகொண்டிருந்த காலம். இப்போது அது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 85, 86 பிரிவுகள். புகார் கொடுத்த உடனே கைது என்பது பழைய கதை. 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில், ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் தேவையில்லாமல் கைது செய்யக்கூடாது, முதலில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நடைமுறையில் மீறுகிறார்களா என்றால், மீறுகிறார்கள். மிரட்டுவதற்காகப் போடும் வழக்கும் என் மேஜைக்கு வந்திருக்கிறது. ஆனால் விடுதலையான வழக்கெல்லாம் பொய் வழக்கு என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். பாதிப் பெண்கள் "பிள்ளைக்காக" என்று சமரசம் ஆகி, சாட்சிக் கூண்டில் மாற்றிச் சொல்லிவிடுகிறார்கள்.

2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதிக்கப்பட்டவர் என்றால் பெண்தான். எதிர்மனுதாரர் வயதுவந்த ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்ற வரியை 2016இல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. அதனால் மாமியார் மருமகள் மேல் மனு போடலாம், மகள் தாய் மேல் போடலாம். கணவன் மனைவி மேல் போட முடியாது. இது குறைதான், நான் மறைக்கவில்லை.

அதற்காக உங்கள் தம்பிக்கு வழியே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். சூடான பொருளால் காயப்படுத்துவது சன்ஹிதாவின் 118(1)இல் வரும், மூன்று ஆண்டு வரை தண்டனை. அதில் கணவன், மனைவி என்ற பேச்சே இல்லை. விவாகரத்துக்குக் கொடுமை ஒரு காரணம், அதுவும் இருவருக்கும் பொது. 1975இல் உச்ச நீதிமன்றத்தில் தாஸ்தானே வழக்கு என்று ஒன்று. சட்டக் கல்லூரியில் எல்லோரும் படிப்போம். கணவன் தொடுத்தது. மனைவி தாலியைப் பிய்த்தெறிந்தது, வீட்டைக் கொளுத்திவிடுவேன் என்றது, கைக்குழந்தையின் நாக்கில் மிளகாய்ப் பொடியைத் தடவியது, நடுராத்திரி விளக்கைப் போட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து நச்சரித்தது எல்லாம் தீர்ப்பில் இருக்கிறது. நீதிபதிகள் சிரிக்கவில்லை. இதெல்லாம் கொடுமைதான் என்று எழுதினார்கள். அதற்கப்புறமும் சேர்ந்து வாழ்ந்ததால் மன்னித்துவிட்டதாகக் கருதி அவருக்குப் பரிகாரம் கொடுக்கவில்லை, அது வேறு விஷயம். ஐம்பது வருஷத்துக்கு முன்பே கோர்ட் சீரியஸாக எடுத்துக்கொண்டதை நம் வீட்டுக் கூடத்தில் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மனைவியைக் கணவன் பலாத்காரம் செய்தால் அது பலாத்காரம் இல்லை என்று சட்டத்தில் விலக்கு இன்னும் இருக்கிறது. வயதுவந்த ஆண் பலாத்காரத்துக்கு ஆளானால், "இயற்கைக்கு மாறான" உறவைக் குற்றமாக்கிய பழைய 377ஆம் பிரிவை எடுத்துவிட்டதால், அதற்கென்று புதிய சட்டத்தில் பிரிவே இல்லை. மனைவிக்கு வலிக்காது, ஆணுக்கு நடக்காது. இரண்டும் ஒரே மண்டையில் உதித்தவை.


பழைய_வாத்தியார்

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன், வயது 71. ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எண்பதுகளில் வார இதழ்களில் பூரிக்கட்டை ஜோக் வராத வாரம் கிடையாது. தலையில் கட்டுப் போட்ட கணவன், கையில் கட்டையோடு குண்டாக ஒரு மனைவி, "என்ன சார், நேத்து வீட்டுல சப்பாத்தியா?" என்று கேட்கும் பக்கத்து வீட்டுக்காரர். நானும் அப்படி இரண்டு எழுதி அனுப்பினேன். ஒன்று அச்சில் வந்தது. மணியார்டரில் சன்மானம் வந்தது. வகுப்பில் வாசித்துக் காட்டினேன், பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அந்த வகுப்பில் கடைசி பெஞ்சில் ஒரு பையன் சிரிக்கவில்லை. அவன் அப்பாவை அவன் அம்மா தெருவில் வைத்துச் செருப்பால் அடித்ததை ஊரே பார்த்திருக்கிறது. எனக்கும் தெரியும். தெரிந்தும் வாசித்தேன், அந்த நேரத்தில் அது எனக்கு உறைக்கவில்லை. காவேரிக்கரை இந்த இழையைத் தொடங்கியதும் முதலில் கண்முன் வந்தது அந்தப் பையனின் முகம்தான்.

இதே பள்ளியில்தான் "அடியாத மாடு படியாது" என்று சொல்லிப் பிரம்பும் வைத்திருந்தோம். பெண் பிள்ளைகளுக்குக் கையில் ஒரு அடி, பையன்களுக்கு முதுகில் நாலு. தாங்குவான் என்று நாங்களாகவே முடிவு செய்துவிட்டோம்.


நடுநிசி

பெயர் சொல்லாமல் எழுதுகிறேன்.

எனக்குப் பன்னிரண்டு வயதில் டியூஷன் வீட்டில் ஒரு அக்கா. அவளுக்கு இருபத்தைந்து இருக்கும். என்ன நடந்தது என்று எழுதப் போவதில்லை. ஒரு வருஷம் நடந்தது. கல்லூரி ஹாஸ்டலில் முதல் முறையாக நண்பர்களிடம் சொன்னேன். தொண்டை அடைத்துத்தான் சொன்னேன். ஒருத்தன் முதுகில் தட்டி "மச்சக்காரன்டா நீ" என்றான். மற்றவர்கள் கைதட்டினார்கள். அதற்கப்புறம் பதினேழு வருஷம் வாயைத் திறக்கவில்லை. என் மனைவிக்குப் போன வருஷம்தான் தெரியும்.

அதே ஹாஸ்டலில் ஒரு பையனின் தங்கைக்கு ட்யூஷன் மாஸ்டர் தொந்தரவு கொடுத்தான் என்று தெரிந்ததும் இதே நண்பர்கள் வண்டி கட்டிக்கொண்டு போய் அவனை அடித்துவிட்டு வந்தார்கள். அந்தத் தங்கைக்கும் பன்னிரண்டு வயது.

2007இல் மத்திய அரசு 13 மாநிலங்களில் குழந்தைகளிடம் ஆய்வு நடத்தியது. பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகச் சொன்ன குழந்தைகளில் சுமார் 53 சதவீதம் பையன்கள். அதற்கப்புறம் 2012இல் வந்த போக்சோ சட்டம் ஆண் குழந்தை, பெண் குழந்தை என்று பிரிக்கவில்லை. சட்டம் வந்து இத்தனை வருஷமாகிறது, "மச்சக்காரன்" என்ற வார்த்தை மட்டும் அப்படியே இருக்கிறது.


மல்லிகைப்பந்தல்

நடுநிசி, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். இவ்வளவு நாள் சுமந்திருக்கிறீர்கள். இங்கே யாரும் கைதட்ட மாட்டார்கள்.

தராசைப் பற்றி நான் எழுதியதை இப்போது யோசிக்கிறேன். எண்ணிக்கையில் சமம் இல்லை என்பதில் நான் மாறவில்லை. ஆனால் எதிரில் ஒருவர் காயத்தோடு நிற்கும்போது அவரிடம் சதவீதத்தை எடுத்து நீட்டுவதும் வாயை அடைப்பதுதான், இல்லையா?


இரவுப்பணி

இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன், சொந்த ஊர் நாகர்கோவில். காயத்தோடு வருபவர் ஆணோ பெண்ணோ, கூட வந்தவரை வெளியே உட்கார வைத்துவிட்டு "வீட்டில் பயமில்லாமல் இருக்கிறீர்களா?" என்று கேட்கப் பழகியிருக்கிறோம்.

இங்கே 2015ஆம் ஆண்டுச் சட்டத்தில், துணையை அடக்கி ஒடுக்கி வைத்திருப்பதே குற்றம். அடித்தால்தான் என்றில்லை, காசு, போன், யாரோடு பேசலாம் என்பதெல்லாம் சேரும். ஆண் பெண் இருவருக்கும் பொது. பெட்ஃபோர்டுஷயரில் 22 வயதுப் பெண் ஒருத்தி தன் காதலனைச் சொந்தக் குடும்பத்திடமிருந்து பிரித்து, என்ன உடுத்த வேண்டும் என்று தீர்மானித்து, கட்டிலில் படுக்க விடாமல், கடைசியில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றும் அளவுக்குப் போனாள். அவன் கேட்டவர்களிடமெல்லாம் தானே காயப்படுத்திக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறான். இன்னும் பத்து நாள் போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டான் என்று டாக்டர்கள் சொன்னார்கள். 2018இல் அவளுக்கு ஏழரை ஆண்டு சிறை. அந்தச் சட்டத்தில் தண்டனை பெற்ற முதல் பெண் அவள்தான்.

காவேரிக்கரை அக்கா, ஏ.டி.எம். கார்டையும் போனையும் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தவுடன் எனக்கு இந்த வழக்குதான் ஞாபகம் வந்தது. சூடு வைத்தது கடைசிப் படி. அதற்கு முந்தைய படிகளை நம் ஊரில் "வீட்டு நிர்வாகம்" என்று சொல்லிவிடுகிறோம். கணவன் கார்டை வைத்திருந்தாலும் அப்படித்தான் சொல்கிறோம்.


வேப்பம்பூ

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

நான் அடித்தவள். என் கணவரை. கல்யாணமான முதல் நாலு வருஷம். அறைவேன், கிள்ளுவேன், ஒருமுறை தட்டை முகத்தில் விட்டெறிந்து புருவத்தில் மூன்று தையல். என்ன காரணம் என்றெல்லாம் சொல்லி நியாயம் தேடப் போவதில்லை. அப்பா அம்மாவை அடிப்பதைப் பார்த்து வளர்ந்தவள், நான் அம்மா மாதிரி இருக்க மாட்டேன் என்று சின்ன வயதிலேயே முடிவு செய்தேன். கடைசியில் அப்பா மாதிரி ஆகியிருந்தேன்.

நான் சொல்ல வந்தது வேறு. யாருமே என்னைத் தடுக்கவில்லை. தையல் போட்டுக்கொண்டு வந்த அன்று என் மாமியார்கூட அவரைத்தான் திட்டினார்: "அவளைக் கோபப்படுத்துற மாதிரி நீ என்னடா செஞ்சே?" என் அம்மாவிடம் எந்தக் காலத்திலோ எல்லோரும் கேட்ட அதே கேள்வி. என் சித்தி ஒரு கல்யாண வீட்டில் "எங்க பொண்ணு சரியான ராங்கி, மாப்பிள்ளையைக் கைக்குள்ள வெச்சிருக்கா" என்று பெருமையாகச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சேர்ந்து சிரித்தார். சிரிக்கும்போது அவர் கை தன்னையறியாமல் புருவத்தைத் தடவியது. அதைப் பார்த்துத்தான் நான் நிறுத்தினேன். மனநல ஆலோசகரிடம் ஒன்றரை வருஷம் போனேன். என் கணவர் இன்றும் நான் சத்தமாகப் பாத்திரம் வைத்தால் திரும்பிப் பார்க்கிறார்.

உங்கள் தம்பி மனைவியும் இப்படிச் சிரிப்பும் பெருமையுமாக வளர்த்துவிடப்பட்டவளாக இருக்கலாம். அதற்காகத் தம்பியை அங்கேயே இருக்கச் சொல்லாதீர்கள் அக்கா. நான் மாறினேன் என்பதற்காக எல்லோரும் மாறுவார்கள் என்று காத்திருக்கக் கூடாது.


சிறகி

திருநங்கை நான். என்னோடு வாழ்ந்தவன் அடித்தபோது ஸ்டேஷனுக்குப் போனேன். நிலையத்தின் பெயர் வேண்டாம். ஆணுக்கு ஆகும் காயமா, பெண்ணுக்கு ஆகும் காயமா என்று எழுதுவது என்பதிலேயே அவர்களுக்கு அரை மணி நேரம் போனது. 2019ஆம் ஆண்டுத் திருநர் சட்டத்தில் எங்கள்மேல் பாலியல் வன்முறை செய்தவனுக்கு அதிகபட்சம் இரண்டு ஆண்டு. பெண்ணுக்குப் பலாத்காரம் நடந்தால் குறைந்தபட்சமே பத்து ஆண்டு. காயம் ஒன்று, யார் உடம்பில் என்பதைப் பார்த்து விலை போடுகிறார்கள்.


ஊர்க்குருவி

வழக்கறிஞர் அம்மா சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், அந்த எண்ணை நான் அப்படிப் போட்டிருக்கக்கூடாது. என் அண்ணன் விஷயத்தில் பட்ட வேதனையில் எழுதிவிட்டேன். ஒரு கேள்வி: தம்பி புகார் கொடுக்கப் போனால் எந்த ஸ்டேஷனுக்குப் போக வேண்டும்? மகளிர் நிலையத்தில் எடுப்பார்களா?


கோர்ட்டுக்குப்_போகிறவள்

அந்த எல்லைக்குட்பட்ட சாதாரணக் காவல் நிலையம். 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையத்தைத் தொடங்கியதே, ஆண் போலீஸ் முன்னால் பெண்கள் இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை என்பதால்தான். இப்போது ஆணுக்கு அதே நிலைமை, அவனுக்குத் தனி இடமும் இல்லை.

காவேரிக்கரை, வரிசையாகச் சொல்கிறேன். முதலில் அரசு மருத்துவமனை. காயம் எப்படி வந்தது என்று தம்பி தன் வாயால் உண்மையைச் சொல்ல வேண்டும், அது ஏ.ஆர். காப்பியில், அதாவது மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலில், பதிவாக வேண்டும். "தேய்க்கும்போது பட்டது" என்று அங்கே சொல்லிவிட்டால் பின்னால் கோர்ட்டில் அதுவே எதிராக நிற்கும். தேதியோடு போட்டோ எடுங்கள். ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். போடாவிட்டாலும் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சான்று) வாங்காமல் வெளியே வராதீர்கள். இலவச சட்ட உதவிக்கு 15100. ஆண்களுக்கு அதில் வருமான வரம்பு உண்டு, கேட்டுப் பாருங்கள்.

ஒரு கேள்வி கேட்க வேண்டும், கோபப்படாதீர்கள். என்னிடம் வழக்கோடு வரும் யாரிடமும் இதைக் கேட்பேன். தம்பி அவளை எப்போதாவது அடித்திருக்கிறாரா?


காவேரிக்கரை

கோபமில்லை, அக்கா. நானும் அவனிடம் கேட்டேன். ஒருமுறை தண்ணீர்ச் செம்பைச் சுவரில் விட்டெறிந்ததாகவும், ஒருமுறை அவள் கையை முறுக்கிப் பிடித்ததாகவும் ஒப்புக்கொண்டான். அதை நாங்களே வக்கீலிடம் முதலில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறோம். அவள் தரப்பில் சொல்ல வேறு ஏதாவது இருந்தால் அதையும் கேட்டாக வேண்டும். குழந்தை இருவருக்கும் நடுவில் நிற்கிறாள், அதுதான் எனக்குப் பெரிய பயம். சட்டையைக் கழற்றினால் "அப்பா உவ்வா" என்று ஊதிவிடுகிறாளாம்.

நேற்று அரசு மருத்துவமனைக்குப் போனோம். டியூட்டி டாக்டர் சின்னப் பெண். "எப்படி ஆச்சு?" என்று கேட்டார். தம்பி தரையைப் பார்த்தபடி நின்றான். நான் வாயைத் திறக்கப் போனேன், டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். ஒரு நிமிஷம் இருக்கும். "என் மனைவி வெச்சாங்க" என்றான். டாக்டர் தலை நிமிராமல் எழுதினார். பக்கத்தில் கட்டுப் போட நின்ற ஊழியர் லேசாகச் சிரித்தார், டாக்டர் ஒரு பார்வை பார்த்ததும் நிறுத்திவிட்டார். ஏ.ஆர். காப்பி கையில் இருக்கிறது.

ராத்திரி அத்தைக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். வெகு நேரம் பேசவில்லை. அப்புறம், "அன்னிக்கு என்னை ஆஸ்பத்திரிக்கு யாரும் கூட்டிட்டுப் போகலடி" என்றாள்.

சனிக்கிழமை வக்கீலைப் பார்க்கிறோம். மாமா தானும் வருவதாகச் சொன்னார், வேண்டாம் என்றுவிட்டேன். அத்தை வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வருகிறாள்.